இதய மாத்திரை ரத்தப் புற்றுக்கு ஆகுமா?

ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கம் மாலையில் தேநீர் குடிக்கப் போனால், உடல்நலம் பற்றி எழுதுகிறவன் என்பதால் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டிச் சந்தேகம் கேட்பார்கள். அண்மையில் கேட்டவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. ஹார்ட்டுக்குக் குடுக்கிற மாத்திரையே ரத்தப் புத்தைக் கொல்லுதாம். என் தங்கச்சிக்கு மைலோமான்னு உனக்குத் தெரியும். நான் சாப்பிடுற பிரஷர் மாத்திரை வீட்டுல அட்டை அட்டையா இருக்கு. அதுல பாதி அவளுக்குக் குடுத்துப் பாக்கலாமா?"

கொடுக்கவே கூடாது என்று முதலில் சொன்னேன். ஆனால் அவர் படித்த செய்தி முழுப் பொய்யும் அல்ல. தங்கைமேல் உள்ள பாசத்தில் கேட்ட கேள்விக்கு "கூடாது" என்ற ஒற்றைச் சொல் போதாது. ஆளுக்கொரு தே தாரிக் சொல்லிவிட்டு அவருக்கு விளக்கியதை இங்கே விரித்து எழுதுகிறேன். இது பல வீடுகளுக்கும் உரிய கேள்வி. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம், 33.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் கூடுதல் கொழுப்பு. இந்த மாத்திரைகள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் மருந்து இருக்கும்போது இப்படியொரு செய்தி வந்தால் ஆசை எழுவது இயல்பு.

பழைய மருந்தைப் புதிய நோய்க்குப் பயன்படுத்திப் பார்ப்பது மருத்துவத்தில் நெடுநாளாக நடந்துவருகிறது. புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்து நோயாளியிடம் கொண்டுவரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். பழைய மருந்துக்கோ எந்த அளவு தாங்கும், எந்தப் பக்கவிளைவு வரும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டுத் தெரிந்துவிட்ட செய்தி. காப்புரிமை முடிந்திருந்தால் விலையும் குறைவு.

அந்தத் தங்கையின் நோயிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. தாலிடோமைட் என்ற மருந்து 1957இல் ஜெர்மனியில் தூக்கத்துக்கும் அமைதிக்கும் என்று விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். 1961இல் அது திரும்பப் பெறப்பட்டது. பின்னர் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயில் வரும் கடுமையான வீக்கமும் வலியும் அதனால் தணிவதைக் கண்டார். 1999இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், மற்றச் சிகிச்சைகள் கைவிட்ட 84 மைலோமா நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. இன்று உலகெங்கும் மைலோமாவுக்குத் தரப்படும் லெனாலிடோமைட் அதன் வழிவந்த மருந்துதான். உலகமே வெறுத்து ஒதுக்கிய மருந்துகூட முறையாகச் சோதிக்கப்பட்டபோது உயிர்காக்கும் மருந்தானது.

ரத்தப் புற்று என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே நோய் அல்ல. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் உயிரணுக்கள் கட்டுப்பாடிழந்து பெருகினால் லுகேமியா. நிணநீர் மண்டலத்தின் அணுக்கள் கெட்டால் லிம்போமா. நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் கெட்டால் மல்டிபிள் மைலோமா. இவை ஒவ்வொன்றிலும் உட்பிரிவுகள் பல. இதய மருந்து என்பதும் அப்படியே: ரத்த அழுத்தத்தைக் குறைப்பது, கொழுப்பைக் குறைப்பது, ரத்தம் உறையாமல் காப்பது, துடிப்பைச் சீராக்குவது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மருந்துகள் அந்தப் பெயருக்குள் அடங்கும். ஆகவே எந்த மாத்திரை, எந்தப் புற்று என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கவே முடியாது.

அதோடு, இதய மருந்துகள் ரத்தப் புற்றுச் சிகிச்சைக்குள் மூன்று வெவ்வேறு வேலைகளுக்காக வருகின்றன. கைப்பேசியில் சுற்றும் செய்திகள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

காக்கும் வேலை

முதல் வேலை உறுதியாக நிரூபிக்கப்பட்டது. புற்றைக் கொல்வதற்காக அல்லாமல், புற்றும் அதன் சிகிச்சையும் செய்யும் சேதத்திலிருந்து நோயாளியைக் காப்பதற்காக இங்கே மருந்து தரப்படுகிறது.

பாலிசைத்தீமியா வேரா என்பது மெல்ல வளரும் ஒரு ரத்தப் புற்று. சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகும், எளிதில் உறையும். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் பெரிய ஆபத்து. ஐரோப்பாவில் 518 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்த உறைவு, இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்த ஆபத்து ஆஸ்பிரின் பிரிவில் 60 விழுக்காடு குறைந்திருந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எழுதித்தரும் அதே மலிவான மாத்திரை இன்று இந்த ரத்தப் புற்றின் வழக்கமான சிகிச்சையில் ஓர் அங்கம்.

இன்னொரு சான்று லிம்போமாவில் கிடைத்தது. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து லிம்போமாவை நன்றாக அடக்கும். ஆனால் சிலருக்கு இதயத் தசையைப் பலவீனப்படுத்திவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 300 லிம்போமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஒரு பிரிவினர் ஓராண்டு முழுக்க 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேட்டின் சாப்பிட்டார்கள். மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அட்டோர்வாஸ்டேட்டின் பெற்றவர்களில் அது 9 விழுக்காடு மட்டுமே.

"அப்ப புத்து குறையலையா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை. ஆனால் புற்றிலிருந்து மீண்டவர் இதயம் செயலிழந்து இறக்காமல் இருப்பதும் சிகிச்சையின் வெற்றிதான்.

துணை நிற்கும் வேலை

இரண்டாவது, கீமோ மருந்துக்குத் துணையாக நின்று அதன் வீரியத்தைக் கூட்டும் வேலை. இங்கே முன்னால் நிற்பவை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள். 1970களில் ஜப்பானிய ஆய்வாளர் அக்கிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து இந்த வகை மருந்தின் முதல் பொருளைக் கண்டுபிடித்தார். 1987இல் லோவாஸ்டேட்டின் சந்தைக்கு வந்தது.

கொழுப்பு மாத்திரைக்கும் புற்றுக்கும் என்ன தொடர்பு என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் உயிரணுக்கள் மெவலோனேட் என்ற ஒரு மூலப்பொருளைத் தயாரிக்கின்றன. ஒரே தேங்காயிலிருந்து பாலும் எண்ணெயும் நாரும் எடுப்பதுபோல, அந்த ஒரே பொருளிலிருந்து உயிரணு பலவற்றை எடுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் அவற்றில் ஒன்று. சில புரதங்களை உயிரணுவின் உறையோடு ஒட்டிவைக்கும் கொழுப்பு வால்கள் இன்னொன்று. "வளர், பெருகு" என்று கட்டளையிடும் புரதங்கள் பலவும் அந்த வால் இல்லாமல் வேலை செய்யாது. ஸ்டேட்டின் மெவலோனேட் உற்பத்தியையே குறைக்கிறது. அதனால் ரத்தத்தில் கொழுப்பு குறைவதோடு, வேகமாகப் பெருகத் துடிக்கும் புற்றணுவுக்கும் நெருக்கடி ஏற்படலாம்.

2018இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, வெனெட்டோகிளாக்ஸ் என்ற புதிய ரத்தப் புற்று மருந்தோடு ஸ்டேட்டினைச் சேர்த்தபோது ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்கள் கூடுதலாக மடிவதைக் காட்டியது. முன்பு நடந்த வெனெட்டோகிளாக்ஸ் சோதனைகளின் பதிவுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். நாட்பட்ட லுகேமியா நோயாளிகளில், தற்செயலாக ஏற்கெனவே ஸ்டேட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சிகிச்சை சற்று நன்றாகப் பலித்திருந்தது.

அதற்கு முன்பே, 2014இல், மீண்டும் தாக்கிய கடும் லுகேமியாவில் 36 நோயாளிகளுக்குக் கீமோவோடு பிராவாஸ்டேட்டின் கொடுத்த அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. நான்கில் மூன்று பேருக்கு நோய் பின்வாங்கியது. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, ஸ்டேட்டின் இல்லாமல் கீமோ மட்டும் பெற்ற ஒப்பீட்டுப் பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே பலன் எதனால் வந்தது என்று அறுதியிட முடியாது. இரண்டாவது, அவர்களுக்குத் தினம் கொடுத்த அளவு 1,280 மில்லிகிராம். கொழுப்புக்குத் தரும் உச்ச அளவான 80 மில்லிகிராமைப்போல் 16 மடங்கு. மருத்துவமனைப் படுக்கையில், சில நாள் மட்டும், கண்காணிப்போடு கொடுத்த அளவு அது. வீட்டு அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்துப் போடுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நேரடியாகத் தாக்கும் வேலை

மூன்றாவதுதான் அண்ணன் படித்த செய்தி: இதய மருந்தே புற்றை அடக்கும் என்பது. இதில் அதிகம் பேசப்படுவது புரோப்ரனலால்.

இந்த மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் நம் மண்ணோடு சற்றுத் தொடர்புடையவர். ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்துவிட்டு, 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரின் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். மலாயா முழுவதற்கும் மருத்துவர்களை உருவாக்கிய கல்லூரி அது. பிறகு பிரிட்டன் திரும்பி, பின்னாளில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து, அட்ரினலின் இதயத்தைத் துரத்தாமல் தடுக்கும் மருந்தைத் தேடினார். அவர் குழு முதலில் உருவாக்கிய புரோனெத்தலால் எலிகளுக்குத் தைமஸ் சுரப்பியில் புற்றை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக 1960களில் வந்ததே புரோப்ரனலால். 1988இல் பிளாக் நோபெல் பரிசு பெற்றார். அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் குழந்தைகளின் லுகேமியாவுக்கு இன்றும் தரப்படும் மெர்காப்டோபியூரினை உருவாக்கியவர்கள். இதய மருந்தும் ரத்தப் புற்று மருந்தும் அன்று ஒரே மேடையில் நின்றன.

புரோப்ரனலால் ஒருவகைக் கட்டிக்கும் உதவும் என்பது 2008இல் வெளியானது. பிரான்சின் போர்தோ நகரில், இதயத் தசைத் தடிப்புக்காக ஒரு குழந்தைக்கு இதைக் கொடுத்தார்கள். குழந்தையின் முகத்தில் வளர்ந்துகொண்டிருந்த ரத்தநாளக் கட்டி வாடத் தொடங்கியது. மருத்துவர் கிறிஸ்டின் லியோத்தே-லப்ரேஸ் அதைக் கவனித்துப் பதிவுசெய்தார். அந்தக் கட்டி புற்று அல்ல. ஆனால் முறையான சோதனைகளுக்குப் பிறகு 2014இல் அமெரிக்காவில் புரோப்ரனலால் அதற்கு அங்கீகாரம் பெற்றது.

ரத்தப் புற்றில் இதற்கு என்ன வேலை? நம் எலும்பு மஜ்ஜைக்குள் நரம்புகள் ஓடுகின்றன. பயம், கவலை, உடல்வலி வரும்போது அந்த நரம்புகள் நாரட்ரினலினைச் சுரக்கின்றன. மஜ்ஜையில் உள்ள அணுக்களின்மேல் அதை உணரும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. இந்தத் தூண்டல் நீடித்தால் அழற்சிக்குரிய மரபணுக்கள் சுறுசுறுப்பாகி, புற்றுக்குச் சாதகமான சூழல் உண்டாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புரோப்ரனலால் அந்த ஏற்பிகளை மறிக்கிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1,971 மைலோமா நோயாளிகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். இதயத்துக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ பீட்டா மறிப்பு மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஆனால் இது பின்னோக்கிப் பார்த்த கணக்கு. மருந்து சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் வேறு எவ்வளவோ வகையில் வேறுபட்டிருக்கலாம். அடுத்து விஸ்கான்சினில் ஒரு குலுக்கல் முறைச் சோதனை நடந்து 2020இல் வெளியானது. தண்டணு மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் 25 மைலோமா நோயாளிகள் அதில் இருந்தார்கள். புரோப்ரனலால் பெற்றவர்களின் ரத்த அணுக்களில், மன அழுத்தத்தோடு சேர்ந்து கிளம்பும் மரபணுக்களின் வேகம் தணிந்தது. அந்த ஆய்வு அளந்தது அதைத்தான். 25 பேரைக் கொண்டு யார் கூடுதல் காலம் வாழ்ந்தார் என்று முடிவு கட்ட முடியாது. அந்த ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அண்ணன் சட்டைப்பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது அம்லோடிபின். ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்து. ஆனால் நான் இதுவரை சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல. "பிரஷர் மாத்திரை" என்ற பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பித் தங்கைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்துக்கொண்டார்.

நரிவெங்காயமும் அரளியும்

நேரடித் தாக்குதலில் இன்னொரு மருந்துக் குடும்பமும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் டிஜாக்ஸின் இந்தக் குடும்பம்தான். 1785இல் வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி எழுதியதிலிருந்து இதன் மருத்துவ வரலாறு தொடங்குகிறது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கடல்வெங்காயத்திலிருந்து எடுக்கப்படும் புரோசில்லாரிடின் இதன் உறவு. தமிழ்நாட்டில் நரிவெங்காயம் என்று சொல்லும் கிழங்கிலும், கோயில் நந்தவனங்களில் பூக்கும் அரளியிலும் இதே வகைப் பொருள்கள் இருக்கின்றன.

மொன்ட்ரியால் நகரின் செயின்ட்-ஜஸ்டின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் புரோசில்லாரிடின் பற்றி ஒரு முடிவை வெளியிட்டார்கள். மிக் என்ற மரபணு மிகையாக இயங்கும் லுகேமியா அணுக்களை இந்தப் பழைய இதய மருந்து ஆய்வுக்கூடத்தில் அடக்கியது. புற்றணு எந்தெந்த மரபணுவைத் திறந்துவைப்பது என்று குறித்துக்கொள்ளும் வேதி அடையாளங்களை அது குறைத்தது. மிக் புரதமும் குறைந்தது. அறிவியலாகப் பார்த்தால் அருமையான கண்டுபிடிப்பு. "இதய மருந்து லுகேமியாவைத் தாக்குகிறது" என்ற தலைப்புகளுக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட ஆய்வே.

ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. இந்த மருந்துகள் உயிரணுவின் சோடியம் பம்பைப் பிடித்து நிறுத்துகின்றன. மனித அணுக்களின் பம்ப் இவற்றுக்கு எளிதில் பணிந்துவிடும். எலியின் பம்ப் பல மடங்கு எதிர்த்து நிற்கும். ஆய்வுக்காக எலியின் உடலில் மனிதப் புற்றணுவை வளர்த்து இந்த மருந்தைக் கொடுத்தால், மனித அணு செத்துப்போகும். எலி நலமாக ஓடும். பார்ப்பவருக்குப் புற்றை மட்டும் கொல்லும் அற்புத மருந்துபோல் தோன்றும். அதே அளவை மனிதனுக்குக் கொடுத்தால் புற்றுக்கு முன்பே இதயம் நின்றுவிடலாம். டிஜாக்ஸினில் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அதனால்தான் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் அதன் அளவை அளந்து பார்க்கிறார்கள்.

அரளி நஞ்சு என்பது தமிழர் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். "புற்றுக்கு அரளிக் கஷாயம்", "நரிவெங்காய வைத்தியம்" என்று யாராவது செய்தி அனுப்பினால் அதை அங்கேயே நிறுத்துங்கள். மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

சோதனை ஏன் வேண்டும்?

"நல்லது செய்யும்னு தோணினா குடுத்துட வேண்டியதுதானே, ஏன் இத்தனை சோதனை?" இதுவும் அண்ணன் கேட்டதுதான். அதற்குப் பதில் நம் நாட்டிலேயே கிடைக்கிறது.

கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து உயிர்காக்கும் என்று உலகெங்கும் பேச்சு. ஆய்வுக்கூடத்தில் அது கிருமியை அடக்கியதும் உண்மை. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவர்கள், ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையை முன்னிறுத்தி, 20 அரசு மருத்துவமனைகளில் அதை முறைப்படி சோதித்தார்கள். 2021 மே முதல் அக்டோபர் வரை, 50 வயதுக்கு மேற்பட்ட, வேறு நோய்களும் உள்ளவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கணக்கில் எடுத்த 490 பேரில், ஐவர்மெக்டின் பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. மருந்து நோயைத் தடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழொன்றில் வெளியான அந்த முடிவை உலக மருத்துவர்கள் எடுத்துப் பேசினார்கள். பழைய மருந்து ஒன்று பலிக்கும் என்று நம்பிய பேச்சை நம் அரசு மருத்துவமனைகளே சில மாதங்களில் தீர்த்துவைத்தன. பலிக்காது என்று தெரிந்துகொள்வதும் நோயாளிகளுக்குச் செய்யும் நன்மையே.

யார் செலவு செய்வது?

பழைய மருந்துகளின் உண்மையான தடை அறிவியலைவிடப் பணத்தில் இருக்கிறது. ஒரு பெரிய சோதனைக்கு ஆகும் செலவை மருந்து நிறுவனம் போடுவது, பிறகு விற்று எடுக்கலாம் என்ற நம்பிக்கையில். காப்புரிமை முடிந்த புரோப்ரனலாலையோ ஸ்டேட்டினையோ சோதித்து வெற்றி கண்டாலும், லாபம் அதைத் தயாரிக்கும் எல்லோருக்கும் பிரிந்துபோகும். ஆகவே 25 பேர், 36 பேர் என்று சிறிய ஆய்வுகளோடு பல நம்பிக்கைகள் நின்றுவிடுகின்றன. அரசும் பல்கலைக்கழகமும் அறநிலையமும் முன்வந்தால்தான் அடுத்த படி ஏற முடியும்.

அப்படி ஏறிக் காட்டிய ஒரு மருத்துவமனை தமிழ்நாட்டில் இருக்கிறது: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே சோதிக்கப்பட்டது இதய மருந்து அல்ல, அதைவிடப் பழைய பொருளான ஆர்சனிக். நம் சித்த மருத்துவம் பாஷாணம் என்று அறிந்து அஞ்சிக் கையாண்ட பொருள்களில் ஒன்று. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா ஒரு காலத்தில் ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்த நோய். சீனாவின் ஹார்பின் நகரில் 1970களில் ஆர்சனிக் அதற்குப் பலிப்பதைக் கண்டார்கள். வேலூரில் மருத்துவர்கள் விக்ரம் மேத்யூஸ், மாம்மன் சாண்டி ஆகியோரின் குழு, உள்ளூரில் தயாரித்த ஆர்சனிக் ட்ரையாக்சைடை முதல் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்தது. வெளிநாட்டு மருந்துகளின் விலை கட்டுப்படியாகாத நோயாளிகள் நிறைந்த நாட்டில் அது அவசியமான கேள்வி. 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகள். 2006இல் வெளியான முடிவில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியிருந்தது. மூன்றாண்டுக்குப் பிறகு உயிரோடிருப்பவர்களின் கணக்கும் அதே அளவு. இன்று இந்த லுகேமியாவுக்கு உலகத் தரச் சிகிச்சையில் ஆர்சனிக் நிலையான இடம் பெற்றிருக்கிறது. வேலூர் அதைச் சாதித்தது அளவைக் கணக்கிட்டு, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்து, முடிவைத் திறந்து எழுதியதால். பாஷாணம் மருந்தானது அந்த ஒழுங்கினால்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

தங்கைக்காக அண்ணன் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெறுகிறவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்ட வேண்டும். நாட்டு மருந்தும் சத்து மாத்திரையும் அந்தப் பையில் சேர வேண்டும். காரணங்கள் இவை.

லுகேமியாவிலும் கீமோவின்போதும் ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும். அப்போது ஆஸ்பிரின் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். அதே சமயம் மைலோமாவுக்கு லெனாலிடோமைட் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் மருத்துவரே ஆஸ்பிரின் எழுதித் தரலாம். ஒரே மாத்திரை ஒருவருக்குக் காவல், இன்னொருவருக்கு ஆபத்து. டில்டியாசெம், வெராபமில், அமியோடரோன் போன்ற இதய மருந்துகள் வெனெட்டோகிளாக்ஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சந்தையில் பிளிம்பிங் என்று விற்கும் நட்சத்திரப்பழத்தைக்கூட அந்த மருந்தோடு சாப்பிடக் கூடாது. இப்ருட்டினிப் சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தத்தை இளக்கும் மருந்தும் சேர்ந்தால் கசிவு கூடலாம். புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதயத்துக்காக ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்று வந்துவிட்டது என்று தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. பீட்டா மறிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். தொடங்குவதோ நிறுத்துவதோ, இரண்டையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 வெள்ளி. அந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு இது: இதய மருந்துகள் ரத்தப் புற்று நோயாளியைக் காக்கும் வேலையை இன்றே செய்கின்றன. கீமோவுக்குத் துணை நிற்கும் வேலை இன்னும் சோதனையில் இருக்கிறது. புற்றை நேரடியாக அடக்கும் வேலை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் சிறிய ஆய்வுகளிலுமே இருக்கிறது. பலிக்கலாம், அதை நிரூபிக்க நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட சோதனைகள் வேண்டும். ஐவர்மெக்டின் கேள்வியைத் தீர்த்த நம் சுகாதார அமைச்சு, 20 மருத்துவமனைகளை ஒரே சோதனையில் இணைக்க முடியும் என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. மலிவான பழைய மருந்துகளை ரத்தப் புற்றில் சோதிக்கவும் அமைச்சும் பல்கலைக்கழகங்களும் பணம் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டு நோயாளியை அத்தகைய முறையான சோதனை ஒன்றில் சேரும்படி மருத்துவர் கேட்டால், பயந்து மறுத்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், ஐயங்களை எல்லாம் கேட்டுத் தெளியுங்கள், பிறகு முடிவெடுங்கள். அதுவரை, ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை அவர் மட்டுமே சாப்பிடட்டும்.